படிப்பு வட்டத்திலிருந்து அமைப்புக்கு: ஆறு பேர் எங்கே தொடங்குவது?

உங்கள் கேள்வியின் சாரம் இது: ஆறு பேர் ஓராண்டாக முதலாளித்துவம், ஏகாதிபத்தியம் பற்றிச் சேர்ந்து படிக்கிறீர்கள். இரண்டு போர் எதிர்ப்புக் கூட்டங்கள் நடத்தினீர்கள். வந்தவர்கள் நீங்களும் உங்கள் நண்பர்களும்தான். விரிவுபடுத்த இரண்டு முறை முயன்றும் ஒவ்வொரு முறையும் மூன்றே மாதத்தில் கலைந்துபோனது. "அடுத்து எதைப் படிக்கலாம்?" என்று முடித்திருக்கிறீர்கள். ஆனால் அடியில் இருக்கும் கேள்வி வேறு. ஏற்கெனவே நம்மோடு உடன்படுகிறவர்களைத் தாண்டி, இன்னும் உடன்படாதவர்களோடு சேர்ந்து செயல்படும் வலிமையை எப்படிக் கட்டுவது? அதற்கே பதில் எழுதுகிறேன். புத்தகப் பட்டியலால் அது தீராது.

அமைப்பின் பலத்தை எதைக் கொண்டு அளப்பது என்பதில்தான் முதல் பிசகு நேர்கிறது. நம் கருத்தை எத்தனை பேர் ஏற்கிறார்கள் என்று எண்ணுகிறோம். எண்ண வேண்டியது, குறிப்பிட்ட ஒரு நாளில் குறிப்பிட்ட ஒரு காரியத்தை, இழப்பு வந்தாலும் சேர்ந்து செய்ய எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை. 1907இல் ஸ்டுட்கார்ட்டிலும் 1912இல் பாசலிலும் கூடிய இரண்டாம் அகிலம் (பல நாட்டு சோசலிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்பு) போருக்கு எதிராகக் கடுமையான தீர்மானங்களை நிறைவேற்றியது. அதன் மிகப் பெரிய கட்சியான ஜெர்மானிய சமூக ஜனநாயகக் கட்சிக்குப் பத்து லட்சம் உறுப்பினர்களும் நாடாளுமன்றத்தில் 110 இடங்களும் இருந்தன. 1914 ஆகஸ்ட் 4 அன்று அந்தக் கட்சி போர்க் கடனுக்கு ஆதரவாக வாக்களித்தது. தலைமையின் துரோகம் என்பது உண்மை, ஆனால் பாதி உண்மை. போர் மூண்டால் எந்த ஆலையில், எந்த ரயில் நிலையத்தில், யார் எதை நிறுத்துவது என்ற ஏற்பாடு எந்தத் தீர்மானத்துக்கும் கீழே இல்லை. மறுபக்கம், 1938 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் போர்ட் கெம்ப்ளா துறைமுகத்தில் ஏறத்தாழ 180 தொழிலாளர்கள், சீனாவின் மேல் படையெடுத்திருந்த ஜப்பானுக்குப் போகவிருந்த கச்சா இரும்பைக் கப்பலில் ஏற்ற மறுத்து பத்து வாரம் நின்றார்கள். இரும்பு அவர்கள் கைவழியாகத்தான் போக வேண்டும். அந்தக் கைகள் சங்கத்தில் இணைந்திருந்தன.

ஆகவே முதல் வேலை இடத்தைத் தேர்ந்தெடுப்பது. ஆறு பேர் ஆறு இடங்களில் வேலை பார்த்துக்கொண்டு வாரக் கடைசியில் சந்தித்தால் நட்பு வளரும், பலம் வளராது. உங்களில் இருவராவது வேலை செய்யும் ஒரு பணியிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒன்று இல்லையென்றால், இருவராவது வாடகைக்குக் குடியிருக்கும் ஒரே உரிமையாளரின் கட்டடங்கள். முதல் முயற்சிக்கு 50 முதல் 300 பேர் வரை உள்ள இடம் தோது. அதற்குக் கீழே போனால் பழிவாங்கல் எளிது. மேலே போனால் ஆறு பேரால் முழுவதும் எட்ட முடியாது. மற்ற நால்வரும் வேடிக்கை பார்க்க வேண்டாம்: துண்டறிக்கை, சட்ட விவரம், நிறுவனத்தின் கணக்கறிக்கை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என வெளியில் இருந்து செய்யும் வேலை நிறைய உண்டு. ஆனால் அந்த இடத்தில் முடிவெடுப்பது அங்கே இருப்பவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

அடுத்தது வரைபடம். ஒரு தாளில் பிரிவு, ஷிப்ட் வாரியாக எல்லாப் பெயர்களையும் எழுதுங்கள். நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி, பயிற்சியாளர், துப்புரவுப் பணியாளர், காவலாளி எவரையும் விடாதீர்கள். முதல் பட்டியலில் விடுபடுகிறவர்கள் அநேகமாக ஒப்பந்தத் தொழிலாளர்களும் பெண்களும். யார் யாரோடு சாப்பிடுகிறார்கள், யார் எந்த வண்டியில் வருகிறார்கள், எந்த மொழி, யாருக்கு யார் உறவு, மேலாளர் திட்டினால் யாரிடம் போய்ச் சொல்கிறார்கள் என்று சேருங்கள். கடைசிக் கேள்விதான் முக்கியம். ஒரு பிரிவில் பத்துப் பேரும் யாருடைய சொல்லைக் கேட்பார்களோ அவர்தான் அங்கே இயல்பான தலைவர். அவர் பெரும்பாலும் அதிகம் பேசாதவர், வேலையில் கெட்டிக்காரர், அரசியலில் ஆர்வமில்லாதவர். நம்மோடு உடனே உடன்படும் துடிப்பான இளைஞரை அவர் என்று எண்ணிக்கொள்வது அடிக்கடி நடக்கும் தவறு. சோதிப்பது எளிது: மூன்று பேரைத் தேநீர் இடைவேளையில் அழைத்து வரச் சொல்லுங்கள். அழைத்து வந்தால் அவருக்குப் பின்னால் ஆள் இருக்கிறது.

பிறகு தனித்தனி உரையாடல். இதற்கு மாற்று கிடையாது. குழுச் செய்தியோ சுவரொட்டியோ இந்த வேலையைச் செய்யாது. வேலை நேரத்துக்கு வெளியே, மேற்பார்வையாளர் கண்ணில் படாத இடத்தில், நாற்பது நிமிடமாவது பேச வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு நேரம் எதிரில் இருப்பவர் பேச வேண்டும். எது அவரை வாட்டுகிறது என்று கேட்பது முதல் படி. அதை முடிவு செய்கிறவர் யார், ஏன் அப்படி முடிவு செய்கிறார் என்று அவரையே யோசிக்க வைப்பது இரண்டாவது. இதே குறை மற்றவர்களுக்கும் உண்டு, சேர்ந்து கேட்டால் என்ன ஆகும் என்று பேசுவது மூன்றாவது. நான்காவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்: நிர்வாகம் என்ன செய்யும் என்பதை நாமே முன்கூட்டிச் சொல்வது. மிரட்டல் வரும், ஒருவருக்கு மட்டும் பதவி உயர்வு வரும், "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்ற பேச்சு வரும், ஷிப்ட் மாறும். எதிர்பார்த்திருந்த அடி பாதிதான் வலிக்கும். கடைசியாக, ஒரு சிறிய வேலையைக் கேட்டுவிட்டு, அடுத்துச் சந்திக்கும் தேதியை அங்கேயே குறிக்க வேண்டும். ஏகாதிபத்தியம் என்ற சொல் இந்த உரையாடலில் வராமல் போகலாம். அதில் தவறில்லை. ஆனால் நீங்கள் சோசலிஸ்டா என்று கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள். பின்னால் நிர்வாகம் சொல்லித் தெரிந்துகொள்வதைவிட உங்கள் வாயால் கேட்பது நல்லது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 பேர் உள்ள இடம். வெளியில் இருக்கும் நால்வரையும் சேர்த்து ஆறு பேரும் ஆளுக்கு வாரத்துக்கு மூன்று உரையாடல் நடத்தினால் வாரம் 18. முதல் சுற்று முடியவே பதினோரு வாரம் ஆகும். அதாவது உங்கள் முயற்சி இரண்டு முறையும் கலைந்த அந்த மூன்று மாதம், உண்மையில் முதல் சுற்று முடிகிற காலம்தான். விளைவு தெரியத் தொடங்கும் முன்பே விளைவு இல்லை என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள். கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதை விட்டுவிட்டு, இந்த வாரம் எத்தனை உரையாடல் நடந்தது என்று எண்ணத் தொடங்கினால் சோர்வு பெருமளவு குறையும்.

உரையாடல்களிலிருந்து ஒரு குழு உருவாக வேண்டும்: பத்துப் பேருக்கு ஒருவர், எல்லாப் பிரிவும் எல்லா ஷிப்டும் அதில் இருக்க வேண்டும். 200 பேருக்கு இருபது பேர். அந்தக் குழு நிற்குமா என்பதைச் சிறிய செயல்களால் சோதித்தபடியே போக வேண்டும். எல்லோரும் ஒரே நாளில் ஒரே நிறச் சட்டை அணிவது, பெயர் தெரியக் கையெழுத்திட்ட மனு, இடைவேளையில் மேலாளரிடம் கூட்டாகப் போய் நிற்பது, வாயிற்கூட்டம் என்று ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கொஞ்சம் துணிச்சல் கேட்க வேண்டும். எந்தப் பிரிவில் கையெழுத்துக் குறைந்ததோ அங்கே மீண்டும் உரையாடலுக்குப் போக வேண்டும். பகிரங்க மனுவில் எழுபது சதவீதம் கையெழுத்து இல்லாமல் வேலைநிறுத்தம் பற்றிப் பேசாதீர்கள் என்பது இந்த வேலையில் பழகியவர்கள் பலர் சொல்லும் அளவு. அதை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தொழிலுக்குத் தொழில் மாறும். மொத்த உற்பத்தியும் ஒரே பிரிவின் வழியாகப் போகிற ஆலையில் அந்தப் பிரிவு மட்டும் உறுதியாக நின்றாலே போதும். ஆனால் 51 சதவீதத்தோடு வேலைநிறுத்தத்தில் இறங்கினால் மீதிப் பேர் உள்ளே வேலை செய்வார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. அவர்களைக் கருங்காலிகள் என்று திட்டுவதற்கு முன், அவர்களிடம் யார் போய்ப் பேசினார்கள் என்று குறிப்பைப் புரட்டிப் பாருங்கள்.

முதல் கோரிக்கைக்கு மூன்று இலக்கணம் உண்டு. பெரும்பாலானவர்களை அது தொட வேண்டும். ஆழமாகத் தொட வேண்டும். தரக்கூடிய அதிகாரம் உள்ள ஒரு ஆளின் பெயரைச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். "சுரண்டலை ஒழி" என்பதை எந்த மேலாளரிடமும் போய்க் கேட்க முடியாது. "ஷிப்ட் அட்டவணையை ஏழு நாள் முன்பே ஒட்டு" என்பதைக் கேட்கலாம், வாங்கலாம், மீறினால் உடனே தெரியும். இது சீர்திருத்தவாதம் (அமைப்பை மாற்றாமல் சிறிய சலுகைகளோடு நின்றுவிடுவது) ஆகிவிடாதா என்று உங்களில் ஒருவர் கண்டிப்பாகக் கேட்பார். நியாயமான கேள்விதான். சிறிய கோரிக்கையோடு நின்றுவிட்டால் ஆகிவிடும். சீர்திருத்தத்தைப் பெறும் விதத்தில்தான் வேறுபாடு இருக்கிறது. இருபது பேர் குழு பேசி, இருநூறு பேர் சேர்ந்து வாங்கியதா, அல்லது ஒரு தலைவர் அறைக்குள் போய்ப் பேசி வாங்கி வந்ததா? முதலாவதில் மனிதர்கள் மாறியிருப்பார்கள். இரண்டாவதில் அட்டவணை மட்டும் மாறியிருக்கும்.

பணத்தைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் பேச வேண்டும். போராட்ட நிதிக்கு ஒவ்வொருவரும் மாதச் சம்பளத்தில் ஒரு சதவீதம் என்று பன்னிரண்டு மாதம் சேர்த்தால், தலைக்கு மாதச் சம்பளத்தின் 12 சதவீதம் கிடைக்கும். அதாவது முழுச் சம்பளமாகக் கொடுத்தால் மூன்றரை நாள், பாதியாகக் கொடுத்தால் ஒரு வாரம். எல்லோருக்கும் பகிராமல், மிகவும் நெருக்கடியில் இருக்கும் மூன்றில் ஒரு பங்குப் பேருக்கு மட்டும் என்றால் பத்து நாளுக்குச் சற்று அதிகம். ஆகவே நிதியை மட்டும் நம்பி நீண்ட போராட்டத்தில் இறங்கக் கூடாது. பொதுச் சமையல், வாடகைக்குத் தவணை கேட்டுக் கூட்டாகப் போவது, மற்றச் சங்கங்களின் உதவி ஆகியவற்றை வேலைநிறுத்தத்துக்கு முன்பே பேசி வைக்க வேண்டும். கணக்கை எழுதுபவர் ஒருவர், பணத்தை வைத்திருப்பவர் இன்னொருவர், மாதம் ஒருமுறை எல்லோர் முன்னிலையிலும் வாசிப்பு. நேர்மையானவர்கள்தானே என்று இதைத் தள்ளிப்போட்ட சங்கங்கள், நேர்மையானவர்கள் மீதே பழி விழுந்து உடைந்திருக்கின்றன.

இவ்வளவும் சரி, இதில் ஏகாதிபத்தியம் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். வரைபடத்தை வாசலுக்கு வெளியே நீட்டும்போது வருகிறது. நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கு யாரிடம்? கடன் கொடுத்தது எந்த வங்கி? மூலப்பொருள் எந்த நாட்டுச் சுரங்கத்திலிருந்து, என்ன கூலியில் வருகிறது? காப்புரிமைத் தொகை எங்கே போகிறது? லாபம் எந்த நாட்டில் கணக்குக் காட்டப்படுகிறது? இறுதியில் வாங்குகிறவர் யார், அதில் ராணுவம் உண்டா? ஆண்டறிக்கை, சரக்குப் பெட்டிகளில் ஒட்டியிருக்கும் சீட்டு, ஓட்டுநர்களின் பேச்சு ஆகியவற்றிலிருந்தே இதில் பாதியைத் திரட்டிவிடலாம். 1916இல் லெனின் ஏகாதிபத்தியத்துக்கு எழுதிய வரையறை (ஏகபோகம், வங்கியும் தொழிலும் இணைந்த நிதி மூலதனம், வெளிநாடுகளில் முதலீடு செய்யும் மூலதன ஏற்றுமதி, உலகைப் பங்கிடுதல்) அப்போது வெறும் பாடமாக இராது. ஷிப்ட் ஏன் நீள்கிறது என்பதற்கான விளக்கமாக இருக்கும். உள்ளூர் முதலாளி "என்னால் முடியாது" என்று சொல்லும்போது சில வேளை அது உண்மையாகவே இருக்கும். விலையை நிர்ணயிப்பவர் கடல் தாண்டி இருப்பார். 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் மாண்ட பிறகு, உலகத் தொழிற்சங்கக் கூட்டமைப்புகள் பன்னாட்டு ஆடை நிறுவனங்களிடம் சட்டப்படி கட்டுப்படுத்தும் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியது இந்தப் புரிதலில்தான். கட்டடங்களும் தீயணைப்பு வசதிகளும் மேம்பட்டன. ஆனால் ஒரு சட்டைக்கு அந்த நிறுவனங்கள் தரும் விலையை அது தொடவில்லை. ஆகவே கூலிப் பிரச்சினை அப்படியே நின்றது. ஒரு வெற்றி எதுவரை எட்டியது என்று இப்படிப் பிரித்துப் பார்க்கப் பழகுவது அவசியம்.

மறுபக்கமும் உண்டு. 1974இல் ஸ்காட்லாந்தின் கிழக்கு கில்பிரைடில் இருந்த ரோல்ஸ்-ராய்ஸ் ஆலைக்குச் சிலி விமானப்படையின் இயந்திரங்கள் பழுது பார்க்க வந்தன. முந்திய ஆண்டு செப்டம்பரில், ராணுவக் கவிழ்ப்பின்போது, சிலியின் சோசலிஸ்ட் ஜனாதிபதி அயெந்தேயின் மாளிகையைக் குண்டு வீசித் தகர்த்த ஹாக்கர் ஹன்டர் வகை விமானங்களின் இயந்திரங்கள் அவை. தொழிலாளர்கள் தொட மறுத்தார்கள். நான்கு ஆண்டுகள் அவை வெளியில் கிடந்து துருப்பிடித்தன. முதலில் மறுத்தவர் ஒரே ஒரு பரிசோதகர். ஆலையில் வலுவான பிரிவுப் பிரதிநிதிகள் குழு ஏற்கெனவே இருந்ததால்தான் அது தனிமனிதத் தியாகமாக முடியாமல் ஆலையின் முடிவாக மாறியது. 1984 ஜூலையில் டப்ளினில் டன்ஸ் கடையின் பணியாளர் ஒருவர், சங்கத்தின் முடிவுப்படி, தென்னாப்பிரிக்கப் பழத்துக்குப் பில் போட மறுத்து இடைநீக்கம் செய்யப்பட்டார். அவரோடு சுமார் பத்துப் பேர் வெளியே வந்து இரண்டரை ஆண்டுக்கு மேல் நின்றார்கள். 1987இல் அயர்லாந்து அரசு தென்னாப்பிரிக்க விளைபொருட்களுக்கே தடை விதித்தது. தொடங்கும்போது நிறவெறி ஆட்சி பற்றி அவர்களுக்கு அதிகம் தெரியாது. போராட்டத்துக்குள் நின்றுதான் கற்றார்கள். முதலில் உணர்வு, பிறகு செயல் என்று நாம் போடும் வரிசை எப்போதும் பொருந்துவதில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. தன் முதலாளியோடு நேரடியாகத் தகராறு இல்லாத விஷயத்தில் வேலையை மறுப்பது பல நாடுகளில் சட்டவிரோதம். அமெரிக்காவில் 1947ஆம் ஆண்டு டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் இத்தகைய ஆதரவுப் போராட்டங்களைப் பெரிதும் முடக்கியது. சங்க உரிமை பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 87, 98ஆம் உடன்படிக்கைகளை அமெரிக்கா, இந்தியா போன்ற நாடுகள் ஏற்கவே இல்லை. பதிவுக்குக் குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை, வேலைநிறுத்த முன்னறிவிப்பு நாட்கள், வாக்கெடுப்பு முறை எல்லாம் நாட்டுக்கு நாடு வேறு. நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று கேள்வியில் இல்லை. ஆகவே சட்ட விஷயத்தில் நான் பொதுவாகச் சொல்வதைக் கொண்டு எதையும் செய்ய வேண்டாம். தொழிலாளர் தரப்பில் வாதாடும் வழக்கறிஞர் ஒருவரை முதல் மனுவுக்கு முன்பே பாருங்கள்.

உள் வாழ்க்கைக்கு வருகிறேன். பெரும்பாலான குழுக்கள் வெளியிலிருந்து வரும் அடியைவிட இங்கேதான் அதிகம் உடைகின்றன. "எங்களிடம் தலைவர் இல்லை, எல்லோரும் சமம்" என்று சொல்லும் குழுவில் அதிக நேரம் உள்ளவரும் அதிகம் பேசுகிறவரும் தலைவராகிவிடுவார்கள். அவரைக் கேள்வி கேட்கவும் வழி இராது, பொறுப்பிலிருந்து இறக்கவும் வழி இராது. ஆறு பேராக இருக்கும்போதே பொறுப்பாளர், பொருளாளர், குறிப்பெழுதுபவர் என்று ஆறு மாதத்துக்குத் தேர்ந்தெடுங்கள். திரும்ப அழைக்கும் உரிமையும் இருக்கட்டும். கூட்டம் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. ஒவ்வொரு முடிவுக்கும் எதிரில் ஒரு பெயரும் ஒரு தேதியும் இருக்க வேண்டும். அடுத்த கூட்டம் அந்தக் குறிப்போடுதான் தொடங்க வேண்டும். முடிவுக்கு முன் தாராளமாக வாதிடுங்கள். முடிவான பிறகு தோற்ற தரப்பும் சேர்ந்து செய்யட்டும். செய்து முடித்ததும் மீண்டும் வாதிடுங்கள். தொலைதூர நாட்டின் இரு அணிகளில் எது சரி என்ற விவாதத்துக்கு, ஆறு பேர் குழுவில் பிளவுபடும் அளவு மதிப்புக் கொடுக்காதீர்கள். மாறாக, குழுவுக்குள் ஒரு பெண் துன்புறுத்தல் புகார் சொன்னால் "இயக்கத்தின் பெயர் கெடும்" என்று மூடாதீர்கள். அப்படி மூடிய இடங்களில் பெண்கள் முதலில் போனார்கள், நம்பிக்கை பிறகு போனது.

உளவாளி பயம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பயம் ஆதாரமற்றது இல்லை. லெனினின் கட்சியான போல்ஷ்விக்குகளின் மத்தியக் குழுவிலேயே இருந்து, 1912இல் ரஷ்ய நாடாளுமன்றமான டூமாவுக்குத் தேர்வான மாலினோவ்ஸ்கி ஜார் ரகசியப் போலீசின் ஆள். ஆனால் "இவர்தான் உளவாளி" என்று ஆதாரமின்றி விரல் நீட்டும் பழக்கம் உண்மையான உளவாளியைவிட அதிகம் கெடுக்கிறது. நடத்தையைப் பாருங்கள்: கேட்காமலே வன்முறைத் திட்டம் கொண்டுவருகிறவர், பணத்துக்குக் கணக்குத் தராதவர், ஒருவர் மேல் ஒருவரை ஏவிவிடுகிறவர். காரணம் எதுவானாலும் அவரைப் பொறுப்பிலிருந்து விலக்கலாம். யார் நமக்கு எவ்வளவு ஆதரவு என்ற குறிப்புகள் நிறுவனத்தின் கணினியிலோ கைபேசியிலோ அறவே கூடாது. தாளில், ஒருவரிடம், குறியீட்டில் இருக்கட்டும்.

இதுவரை சொன்னவை பல நாடுகளில், பல தொழில்களில் சோதிக்கப்பட்டவை, உறுதியாகச் சொல்லலாம். இனி வருபவை அப்படி இல்லை. கட்சி முதலிலா, சங்கம் முதலிலா என்பதற்கு வரலாறு ஒரே பதிலைத் தரவில்லை. சங்கம் மட்டும் இருந்தால் கூலியோடு நின்றுவிடும் ஆபத்து உண்டு. கட்சி மட்டும் இருந்தால் தனக்குத்தானே பேசிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஆறு பேருக்கு இப்போதைக்கு அது முடிவு செய்ய வேண்டிய கேள்வி இல்லை என்பது என் கருத்து. பணக்கார நாட்டுத் தொழிலாளர்கள் ஏகாதிபத்திய லாபத்தில் பங்கு பெறுகிறார்களா, எவ்வளவு பெறுகிறார்கள் என்பதும் மார்க்சியர்களுக்குள்ளேயே தீராத விவாதம். கிழக்கு கில்பிரைடு போன்றவை நடந்திருக்கின்றன, 1914ம் நடந்திருக்கிறது. இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு கோட்பாடு கட்டுபவரிடம் கவனமாக இருங்கள். சம்பளம் வாங்கும் முழுநேர ஊழியர் வைக்கலாமா என்பதிலும் அனுபவம் இருவகை: வேலை வேகமெடுக்கும், ஆனால் மற்றவர்கள் எல்லாவற்றையும் அவரிடமே விட்டுவிடுவார்கள். உறுப்பினர் சந்தாவிலிருந்து சம்பளம் தர முடியாத வரை வேண்டாம் என்றே சொல்வேன்.

படிப்பு வட்டத்தைக் கைவிட வேண்டாம். மாதம் ஒருமுறை இரண்டு மணி நேரம் போதும். ஆனால் பாடத்தை நூலிலிருந்து எடுக்காமல் வரைபடத்திலிருந்து எடுங்கள்: இந்த மாதம் ஷிப்ட் நீண்டால், மார்க்சின் 'மூலதனம்' நூலின் முதல் பாகத்தில் வேலைநாள் பற்றிய அத்தியாயம், ஆலை மூடப்போவதாக வதந்தி வந்தால், மூலதன ஏற்றுமதி. இருபது பக்கத்துக்கு மேல் வேண்டாம். சத்தமாக வாசித்து, வாசித்ததை அந்த வாரம் தான் பேசிய ஒரு தொழிலாளியின் சொற்களில் ஒருவர் திருப்பிச் சொல்லட்டும். முதல் சுற்று உரையாடலை நடத்திய பிறகு வட்டத்துக்கு ஏழாவதாக ஒருவர் வருவார். அவர் வந்ததும் பழைய ஆறு பேருக்கு மட்டும் புரிந்த சுருக்கச் சொற்களை நிறுத்திவிட்டு, முதல் பாடத்தை மீண்டும் தொடக்கத்திலிருந்து நடத்துங்கள். இந்த முறை அவர் வேலை செய்யும் பிரிவைப் பற்றி அவரே விளக்கட்டும்.